நாலு கோடு காட்டுது

“ஏம்மா, உங்க வீட்ல உக்கார எடமே இல்லையா?”

போன் வழியாகப் பாடம் நடத்தும் பள்ளியின் டீச்சர் ஒருநாள் வகுப்பு நடுவில் அவளைப் பார்த்துக் கேட்டார். திரையில் சின்னச் சின்னச் சதுரங்களாக இருந்த மற்ற பிள்ளைகள் ஒருவர் விடாமல் சிரித்தார்கள். அவர்கள் எல்லோரும் நாற்காலியிலோ கட்டிலிலோ சாய்ந்திருந்தார்கள். அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். வகுப்பு ஆரம்பித்த நாளிலிருந்தே அவள் நின்றுகொண்டுதான் படித்தாள். ஒரு தோள் ஃபிரிட்ஜில் சாய்ந்திருக்கும். ஒரு கை சமையலறை நிலைக்கதவின் மேல்கட்டையைப் பிடித்திருக்கும். மறு கையில் போன்.

டீச்சர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் போனைச் சற்றுத் திருப்பிப் பிடித்தாள். அந்நேரம் பார்த்து அம்மா பக்கத்தில் வந்து நின்று, “கொஞ்சம் நகருடி, பால் எடுக்கணும்” என்றாள். ஃபிரிட்ஜ் கதவு திறந்ததும் படம் உறைந்துபோனது. நல்லவேளை என்று அவளும் உறைந்து நின்றாள்.

அந்த வீடு நாலு ரயில் பெட்டியை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாதிரி நீளமானது. முன்னறை அண்ணனுடையது. அடுத்து அப்பாவின் நடு அறை. அதற்குப் பின் சமையலறை. எல்லாவற்றுக்கும் கடைசியில் பின்னறை. கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, உடைந்த மின்விசிறி, விருந்தாளி வந்தால் விரிக்கும் பாய்கள், பிறகு அவள். வைஃபை பெட்டி அண்ணனின் அலமாரி மேல் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து கிளம்பும் சிக்னல் அப்பாவின் அறையைத் தாண்டுவதற்குள் களைத்துப்போகும். சமையலறை வாசலில் மூச்சு வாங்கும். பின்னறைச் சுவரில் முட்டிச் செத்துப்போகும். போனிலாவது வேறு வழி உண்டா என்றால் அதுவும் இல்லை. அண்ணன் தூக்கிப்போட்ட பழைய போன் அது. சிம் கிடையாது. “வீட்டுக்குள்ளயே இருக்கற பொண்ணுக்கு எதுக்கு நம்பர்?” என்று அப்பா ஒரே வரியில் அந்தக் கதையை முடித்துவிட்டார்.

சமையலறை வாசலில் நின்று படிப்பது என்றால் நடுத்தெருவில் பாய் விரித்துப் படுப்பது மாதிரிதான். போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் அவள் குறுக்கே நின்றாள். குறுக்கே நிற்பவளிடம் எல்லோருக்கும் ஒரு வேலை இருந்தது.

“சும்மாதானே நிக்கற, அந்தக் குக்கரை இறக்கு.”

“எலி, தண்ணி.”

“அடுப்பைச் சின்னதாக்குடி, அப்படியே ஒரு டீயும் போட்டுடு.”

எலி என்று அழைப்பது அண்ணன். அவள் சத்தமில்லாமல் நடமாடுவதால் சின்ன வயதில் வைத்த பெயர். வேறு யாராவது கேட்டால் செல்லப்பெயர் என்பான்.

பள்ளிக்கூடத்தை அவள் விட்டது அவளாக விட்டதில்லை. அம்மா மாடிப்படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட வருஷம் அது. அண்ணனுக்குக் கல்லூரியில் கடைசி வருஷம். அவளுக்குப் பத்தாம் வகுப்பு. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். “ஒரே ஒரு வருஷந்தான், அப்புறம் நானே கூட்டிக்கிட்டுப் போய்ச் சேத்துவிடறேன்” என்று சொன்னவன் அண்ணன். அம்மாவின் இடுப்பு கூடிவிட்டது. அண்ணனுக்கு வேலையும் கிடைத்துவிட்டது. அந்த ஒரு வருஷம் மட்டும் முடியவே இல்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. வீட்டில் எல்லாமே நேரத்துக்கு நடக்கும்போது யார்தான் பேசுவார்கள்?

அவளாகத்தான் இந்தப் பள்ளியைக் கண்டுபிடித்துச் சேர்ந்தாள். எழுத்துத் தேர்வு எல்லாவற்றையும் மையத்துக்குப் போய் எழுதித் தேறியும் விட்டாள். பாக்கி இருந்தது பேச்சுத் தேர்வு ஒன்றுதான். அது மட்டும் போன் வழியாக. ஒரு பகுதியை வாசிக்க வேண்டும், பிறகு தேர்வாளர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். விதிமுறை கறாராக இருந்தது. மூடிய அறை, உள்ளே வேறு யாரும் கூடாது. கேமரா கடைசிவரை அணையக் கூடாது. இணைப்பு அறுந்தால் ஒரு தடவை திரும்ப வரலாம். மறுபடி அறுந்தால் வராதவர் கணக்கில் சேர்ப்பார்கள். பிறகு அடுத்த வருஷம்தான்.

அடுத்த வருஷம் என்ற சொல்லை அவள் நம்புவதை விட்டு ரொம்ப நாளாயிற்று.

டீச்சர் கேட்ட அன்று சாயங்காலமே அண்ணன் அறை வாசலில் போய் நின்றாள்.

“அண்ணா, அந்த வைஃபை பெட்டியைக் கொஞ்சம் உள்பக்கமா நகர்த்த முடியுமா?”

“எதுக்கு?”

சொன்னாள். அவன் காதிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றாமலே கேட்டான்.

“எலி, என் பொழப்பே அந்தப் பெட்டியிலதான் ஓடுது. அதை நகர்த்தி, எனக்கு லைன் கட்டாகி, கிளையன்ட் கத்தினா நீ வந்து பதில் சொல்லுவியா?”

“அப்ப அந்த ஒரு நாள் மட்டும் உன் ரூம்ல இருந்து...”

“என் ரூமா? காலையில இருந்து ராத்திரி வரைக்கும் எனக்கு மீட்டிங். நான் எங்க போறது, மொட்டை மாடிக்கா?”

அப்பாவின் அறையைக் கேட்பதில் அர்த்தமே இல்லை. அப்பா அந்தக் கட்டிலை விட்டு எழுந்திருப்பது குளிக்கவும் சாப்பிடவும்தான். மீதி நேரமெல்லாம் போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, சத்தத்தைக் கூட்டி, யாரோ யாரையோ திட்டும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனாலும் அவள் விடவில்லை. வாய் திறந்து சண்டை போடத் தெரியாதவள், வாசலில் வந்து நிற்கத் தெரிந்துவைத்திருந்தாள். தினமும் போய் நின்றாள். ஒன்றும் பேச மாட்டாள், நிற்பாள். கடைசியில் பொறுக்க முடியாமல் அண்ணன் ஒரு பெட்டி வாங்கி வந்தான். சோப்பு டப்பா அளவு, இரண்டு கொம்பு, ஒரு நீல விளக்கு. “இதுதான் எக்ஸ்டெண்டர். எங்க மாட்டறோமோ அங்க சிக்னல் வரும். போதுமா தாயே?” என்று கும்பிடு போட்டான். பின்னறையில் அவள் பாய்க்குப் பக்கத்திலிருந்த பிளக்கில் அவனே மாட்டினான். நீல விளக்கு சிமிட்டி எரிந்தது. அவள் போனை எடுத்துப் பார்த்தாள். நாலு கோடு. அந்த அறையில் அவள் ஒரு கோடுகூடக் கண்டதில்லை.

அம்மா ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். அப்பாகூடக் கட்டிலை விட்டு இறங்கி வந்து பார்த்தார்.

“நாலு கோடு காட்டுது! இனிமே சிக்னல் இல்லைன்னு வாயைத் திறந்த, அவ்வளவுதான்” என்றான் அண்ணன்.

அவளுக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. கூச்சம் தடுத்தது. நல்லதாகப் போயிற்று.

எல்லோரும் போனபின் பாடத்தைத் திறந்தாள். திரை நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அடுப்பில் ஒரு பாத்திரம் பால் காய்ச்சிவிட்டு வந்தாள், அப்போதும் சுற்றியது. போனை அணைத்துப் போட்டாள். பெட்டியைப் பிடுங்கி மாட்டினாள். நாலு கோடும் அப்படியே இருந்தன. வட்டமும் அப்படியே இருந்தது.

“அண்ணா, வரமாட்டேங்குது.”

“எத்தனை கோடு காட்டுது?”

“நாலு.”

“அப்புறமென்ன? போன் ஓட்டை. இல்லைன்னா உனக்குப் பாக்கத் தெரியலை.”

அம்மாவும் சேர்ந்துகொண்டாள். “அவனே கையைக் கடிச்சுக்கிட்டு வாங்கிப் போட்டிருக்கான். உனக்கு எதைச் செஞ்சாலும் குறை சொல்லணும். நானே பாத்தேனே, நாலு கோடு!” அதுவரை வைஃபை என்ற சொல்லே சரியாக வராத அம்மா, அன்றிலிருந்து கோடு எண்ணுவதில் கெட்டிக்காரியாகிவிட்டாள். மகள் எப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் பின்னறைக்குள் வந்து போனைப் பார்ப்பாள். “இதோ இருக்கே நாலும்!” என்று சொல்லிவிட்டுப் போவாள். காய்ச்சலே இல்லை என்று தெர்மாமீட்டரைக் காட்டி நோயாளியை எழுப்பி வேலை வாங்குகிற மாதிரி இருந்தது அது.

ஒரு வாரம் அவள் தன்னையே சந்தேகப்பட்டாள். அதை நினைத்தால்தான் பின்னால் அவளுக்கு ரத்தம் கொதித்தது. ஒரு வாரம் முழுக்க, தப்பு தன் கையில்தான், தன் போனில்தான், தன் மண்டையில்தான் என்று நம்பினாள்.

பிறகு பெட்டியோடு வந்த அட்டையைப் படித்தாள். படம் போட்டே சொல்லியிருந்தார்கள். இந்தச் சின்னப்பெட்டி தானாக எதையும் உண்டாக்காது. பெரிய பெட்டியிடமிருந்து வாங்கித்தான் தரும். பெரிய பெட்டிக்கும் ஆளுக்கும் நடுவில், நல்ல சிக்னல் கிடைக்கிற இடத்தில் மாட்ட வேண்டும். சிக்னலே வராத மூலையில் மாட்டினால் போனுக்கும் பெட்டிக்கும் இடையே கோடு நிறையக் காட்டும், இணையம் மட்டும் வராது. அந்த நாலு கோடும் பெட்டி அவள் பக்கத்தில் இருக்கிறது என்பதற்கான கோடுகள். அவ்வளவுதான்.

நடு என்றால் அப்பாவின் அறை.

அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் படத்தைக் காட்டி மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கும்வரை தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“தெரியும்” என்றான்.

“என்ன தெரியும்?”

“நடுவுலதான் மாட்டணும்னு தெரியும். இதுகூடத் தெரியாம நான் என்ன வேலை பாக்கறேன்?”

அவள் அட்டையைத் தாழ்த்தினாள். “அப்ப ஏன் என் ரூம்ல மாட்டின?”

“பின்ன? அப்பா ரூம்ல மாட்டிட்டு அவர்கிட்ட யார் பாட்டு வாங்கறது? அதுவுமில்லாம அது நல்லா வேலை செஞ்சா என் ஸ்பீடைத்தான் பங்கு போடும். நீ தினம் வந்து பேய் மாதிரி வாசல்ல நின்ன. கோடு காட்டினா வாயை மூடிக்கிட்டுப் போயிடுவன்னு நெனச்சேன்.” ஒரு வாய் தண்ணீர் குடித்தான். “போயிட்டுத்தான் இருந்த. அந்த அட்டையைத் தூக்கிப் போட மறந்தது என் தப்பு.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். நகைச்சுவையாம்.

அவள் அட்டையை மடித்தாள், இன்னும் சின்னதாக மடித்தாள், இனி மடிக்க முடியாது என்னும்வரை மடித்தாள். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பாள். அவன் அவளுக்குப் பெட்டி வாங்கித் தரவில்லை. கோடு வாங்கித் தந்திருக்கிறான். குழந்தைக்கு வெறும் ரப்பர் சூப்பானைக் கொடுத்துப் பால் என்று சொல்கிற மாதிரி. அதையும் அவள் ஒரு வாரம் சப்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்பாவிடம் அவளே போனாள்.

“அதெல்லாம் இங்க வேண்டாம்” என்றார் அப்பா. “எனக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. அந்த அலையெல்லாம் மேல பட்டா என்ன ஆகறது? அந்த நீல வெளிச்சம் வேற கண்ணைக் குத்தும்.” போன் அவர் நெஞ்சின்மேல்தான் இருந்தது. அதே அலையைக் குடித்துக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தது.

“தேர்வு அன்னிக்கு மட்டும்ப்பா. முடிஞ்சதும் எடுத்துடறேன். வெளிச்சத்து மேல துணி போட்டுடறேன்.”

“ம்” என்றார்.

அப்பாவின் ‘ம்’ சரி என்பதற்கும் இல்லை, கேட்டது என்பதற்கும் இல்லை. பேச்சை முடித்துக்கொள் என்பதற்கு. இது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவள் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டாள். வேறு எதை எடுத்துக்கொள்வது?

தேர்வு நாள் காலையில் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னாள். அம்மாவிடம் குக்கர் விசில் வேண்டாம் என்றாள். அப்பாவிடம் அந்தப் பிளக்கைத் தொட வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னாள், இரண்டு ‘ம்’ வாங்கினாள். அண்ணன் கதவைத் தட்டிச் சொன்னாள். “ஆல் த பெஸ்ட் எலி” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அப்பா குளிக்கப் போனதும் சின்னப்பெட்டியை அவர் கட்டிலுக்குப் பின்னாலிருந்த பிளக்கில் மாட்டினாள், நீல விளக்கின்மேல் கைக்குட்டையைப் போர்த்தினாள், பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

போனில் இரண்டு கோடுதான் காட்டியது. ஆனால் வட்டம் சுற்றவில்லை. தேர்வாளர் அம்மாளின் முகம் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது.

அவள் வாசித்தாள். ஆரம்பத்தில் குரல் நடுங்கியது. ஆற்றங்கரையில் செங்கல் சூளை வைத்திருந்த ஒருத்தியைப் பற்றிய பகுதி அது. பாதியில் நடுக்கம் போய்விட்டது. தன் குரல் இவ்வளவு நேரம் யாரும் குறுக்கே பேசாமல் கேட்கும் என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. தேர்வாளர் தலையை ஆட்டினார்.

“நல்லா வாசிச்சம்மா. இப்ப சொல்லு, சூளை வச்சிருந்தவங்க மழைக்கு முன்னாடி ஏன் நெருப்பை அணைக்கலை?”

அவளுக்குப் பதில் தெரியும். “ஏன்னா, அணைச்சா...” என்று ஆரம்பித்தாள்.

தேர்வாளரின் முகம் பாதிக் கண் மூடியபடி நின்றுவிட்டது. கோடு ஒன்றுகூட இல்லை.

போனோடு கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். அப்பா குளித்து முடித்துத் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பிளக்கில் அவருடைய சார்ஜர் செருகியிருந்தது. சின்னப்பெட்டி கைக்குட்டையோடு சேர்ந்து தரையில் கிடந்தது.

“அப்பா!”

“சார்ஜ் சுத்தமா எறங்கிடுச்சு” என்றார், அவளைப் பார்க்காமல். “அஞ்சு நிமிஷம் ஏத்திக்கறேன், அப்புறம் மாட்டிக்க.”

திட்டவில்லை, கோபப்படவில்லை, அவள் தேர்வைக் கெடுக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. அவள் என்ன சொன்னாள் என்பதே அவருக்குள் போகவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

குனிந்து பெட்டியை எடுக்கப் போனவள் நின்றாள். மாட்டினால் மறுபடி யார் பிடுங்குவார்கள்? அம்மா இஸ்திரிப் பெட்டிக்கா, அண்ணன் தன் ஸ்பீடுக்கா? ஒரே ஒரு தடவைதான் திரும்ப வரலாம். அந்த ஒரு தடவையை இந்த வீட்டின் ‘ம்’மை நம்பிக் கொடுக்க முடியாது. கெஞ்சிக் கெஞ்சி இத்தனை நாள் அவள் சேர்த்தது என்ன? பொய்க் கோடு நாலு, ‘ம்’ மூன்று.

நிமிர்ந்தாள். முன்னறையை நோக்கி நடந்தாள்.

“எங்கடி போற? அவன் மீட்டிங்ல இருக்கான்டி!” சமையலறையிலிருந்து பின்னாலேயே வந்த அம்மா முழங்கையைப் பிடித்தாள். அவள் உதறிய வேகத்தில் அம்மாவின் கையிலிருந்த கரண்டி தெறித்துப்போய்ச் சுவரில் மோதி விழுந்தது. அந்த வீட்டில் அவள் எழுப்பிய முதல் பெரிய சத்தம் அதுதான்.

அண்ணன் அறைக் கதவைத் தட்டவில்லை, திறந்தாள். அவன் மேலே சட்டையும் கீழே லுங்கியுமாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தான். திரையில் வரிசையாக முகங்கள். அவன் வாயை அசைக்காமல் பல்லுக்கிடையில் பேசினான்.

“வெளிய போ எலி. கேமரா ஆன்ல இருக்கு.”

“என்னோடதும் ஆன்லதான் இருக்கு. எந்திரி.”

அண்ணா என்ற சொல்லை அவள் சேர்க்கவில்லை. சேர்க்கவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

“பைத்தியமா உனக்கு? அஞ்சு நிமிஷத்துல...”

“இந்த வீட்ல உங்க எல்லாருக்கும் அஞ்சு நிமிஷம். எனக்கு மட்டும் அது வருஷம்.” அவள் குரல் ஏறியது. அதைத் தடுக்க அவள் முயலவும் இல்லை. “ஒரே வருஷந்தான், நானே சேத்துவிடறேன்னு சொன்னவன் நீ. அதை விடு, ஏதோ மறந்துட்டன்னு நெனச்சுக்கறேன். நடுவுல மாட்டணும்னு தெரிஞ்சே மூலையில மாட்டினியே, தெரிஞ்சே! நான் முட்டாள்னு ஒரு வாரம் என்னை நம்ப வச்சியே! அதை இவங்க எல்லாருக்கும் வெவரமாச் சொல்லட்டுமா?”

லேப்டாப்பிலிருந்து யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார். “லைன்ல யாரோ பேசறாங்க போல... எல்லாம் ஓகேதானே?”

அண்ணன் அவசரமாக ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினான். தவறான பொத்தான் போலிருக்கிறது. செருமியவரின் குரல் இன்னும் பெரிதாகக் கேட்டது. வாசலில் அம்மா கரண்டியில்லாத கையோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் அப்பா துண்டோடு எட்டிப் பார்த்தார். பின்னறையில் நாலு கோட்டைப் பார்க்க வந்த நாளுக்குப் பிறகு, எல்லோரும் சேர்ந்து அவளைப் பார்ப்பது இப்போதுதான்.

அவள் போனைத் தூக்கித் தேர்வுக்குள் நுழைந்தாள். அலமாரிக்கு மேலிருந்த பெட்டிக்கு நேர்கீழே நின்றாள். ஒரு நொடிகூடச் சுற்றவில்லை. தேர்வாளர் அம்மாள் வந்தார்.

“வந்துட்டியா? இது ரெண்டாவது தடவை, ஞாபகம் இருக்கட்டும். இனி கட்டாகக் கூடாதும்மா.”

“ஆகாது மேடம்.”

“இது வேற ரூம் மாதிரி இருக்கே. உள்ள வேற யாராவது இருக்காங்களா?”

அவள் போனுக்கு மேலாக அண்ணனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். கண்ணை முதலில் இறக்கியது அவள் இல்லை.

“ஒருத்தர் இருக்காரு மேடம். இப்பப் போயிடுவாரு.”

அண்ணன் லேப்டாப்பை மூடினான். முகங்கள் எல்லாம் மூடிக்குள் மறைந்தன. லேப்டாப்பின் சார்ஜர் வயர் மேசைக்காலில் மாட்டிக்கொண்டது. குனிந்து அதை விடுவித்தான், லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான், வாசலில் நின்ற அம்மாவையும் அப்பாவையும் தோளால் விலக்கினான். வெளியே போனான்.